மஞ்சப்பையில் ஆறு மருந்துகள்: ஐந்து மாத வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு பூனை

இந்த நிகழ்வை எழுதி வைக்க, பூனையை வளர்ப்பவர் சம்மதம் தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார், பூனையின் பெயர்கூட. ஆகவே இதில் அவர் டீச்சர், அது பூனை. நான் கோயம்புத்தூரில் சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். இதில் நடந்த முக்கியமான தவறு என்னுடையது. எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்னணி

டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார்; மகன் வெளிநாட்டில். பூனை மூன்று வயது ஆண், நாட்டு இனம். குட்டியாக வண்டி நிறுத்துமிடத்தில் கிடைத்தது. தடுப்பூசி, கருத்தடை, குடற்புழு மருந்து எல்லாம் முறையாக நடந்திருந்தன. வீட்டை விட்டு வெளியே போவதில்லை. கோழி கலந்த உலர் தீவனம் நாள் முழுவதும் தட்டில் இருக்கும். மதியம் அவித்த கோழி, சில நாட்கள் மத்தி மீன், இரவில் டீச்சரின் தயிர்சாதத்திலிருந்து ஓர் உருண்டை.

நவம்பர் மழையில் மலம் இளகத் தொடங்கியது. வேறொரு மருத்துவர் குடற்புழு மருந்தும் ஐந்து நாள் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். ஒரு வாரம் சரியானது, பிறகு பழையபடி. கசப்பான அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது பூனை வாயில் நுரை தள்ளியதைப் பார்த்துப் பயந்துபோன டீச்சர், அப்புறம் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே சரிசெய்யப் பார்த்தார். மகன் அனுப்பியது, மருந்துக்கடைக்காரர் சொன்னது, பக்கத்து வீட்டில் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் எங்களிடம் வந்தபோது ஒரு கையில் பூனைக்கூடை, மறு கையில் மஞ்சப்பை. பைக்குள் ஆறு பொருட்கள்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. நவம்பரிலிருந்து ஒவ்வொரு நாளும் எத்தனை முறை, எப்படி, என்ன கொடுத்தார் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். அன்று அந்த நோட்டை நான் புரட்டினேன், அவ்வளவுதான். ஒழுங்காகப் படித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் நாள் கண்டது

எடை 3.7 கிலோ. முந்தைய ஆகஸ்டில் தடுப்பூசி போட்டபோது 4.4. அதாவது உடம்பில் ஆறில் ஒரு பங்கு போயிருந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நிறைய, நாற்றம் அதிகம்; எப்போதாவது கடைசியில் கொஞ்சம் சளி. வாரத்துக்கு ஒருமுறை வாந்தி. பசி குறைவு.

வயிற்றுப்போக்கு என்றதும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது அது சிறுகுடல் சார்ந்ததா, பெருங்குடல் சார்ந்ததா என்பதைத்தான். பெருங்குடல் என்றால் அடிக்கடி போகும், கொஞ்சம் கொஞ்சமாக வரும், முக்கும், சளியும் புது ரத்தமும் இருக்கும். எடை பெரும்பாலும் குறையாது. இங்கே அளவும் அதிகம், எடையும் குறைந்திருந்தது. பெருங்குடலும் ஓரளவு பாதிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் முதன்மையாகச் சிறுகுடல்.

மலத்தை 1 முதல் 7 வரை எண்ணிட்டுச் சொல்லும் ஓர் அளவுகோல் உண்டு. 1 என்றால் உருண்டை உருண்டையாகக் காய்ந்தது, 2 நல்லது, 7 தண்ணீர். பூனை அன்று 6-இல் இருந்தது. "மார்க் போடச் சொல்றீங்க, அவ்வளவுதானே டாக்டர்?" என்றார் டீச்சர். அன்றிலிருந்து நோட்டில் ஒரு கட்டம் கூடியது.

பையில் இருந்தவை

ஒவ்வொன்றையும் மேசையில் எடுத்து வைத்துப் பார்த்தோம். பூனை வளர்ப்பவர்களின் வீடுகளில் இவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, மகன் அனுப்பிய புரோபயாடிக் பொடி, அதாவது குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் நுண்ணுயிரி. பூனைக்கென்றே செய்தது, நாளுக்கு ஒரு சிறு பாக்கெட், என்டெரோகாக்கஸ் ஃபீசியம் என்ற பாக்டீரியா. ஜனவரியிலிருந்து கொடுத்து வந்தார். பூனைக்கு அது மிகவும் பிடித்திருந்தது, பாக்கெட் கிழிக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவருமாம். இந்த விவரத்தை அப்போதே என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

இரண்டாவது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் சிறு குப்பி. பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியாவின் வித்துகள், 5 மில்லியில் 200 கோடி. வித்து என்பதால் சூட்டையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும். இதனால் கெடுதல் நேர்ந்ததாகத் தெரியவில்லை, நன்மையும் தெரியவில்லை.

மூன்றாவது, மனிதர்களுக்கான செரிமான நொதி சிரப். பூஞ்சையிலிருந்து எடுத்த டயாஸ்டேஸும் பெப்சினும் இருந்தன. டயாஸ்டேஸ் மாவுச்சத்தை உடைப்பது. இறைச்சி தின்னும் பிராணிக்கு மாவுச்சத்து செரிக்க மருந்து கொடுப்பதில் என்ன பயன்? (தயிர்சாதம் ஒன்றுதான் சாக்கு.) நொதி உண்மையிலேயே தேவைப்படும் நோய் ஒன்று இருக்கிறது. கணையம் போதுமான செரிமான நீரைச் சுரக்காத நிலை அது. அப்படிப்பட்ட பூனை அகோரப் பசியோடு தின்றும் மெலியும். அதற்குக் கொடுப்பது பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த பொடி, அதில் கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் இருக்கும். இந்த சிரப்பில் லைப்பேஸே இல்லை.

நான்காவது கல்லீரல் டானிக். நம் ஊரில் வாயில்லா ஜீவனுக்கு என்ன வந்தாலும் ஒரு கல்லீரல் டானிக் எழுதுவது வழக்கமாகிவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன். ஐந்தாவதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது: பூண்டும் பெருங்காயமும் சேர்ந்த வாயு மாத்திரை. கால் மாத்திரை வீதம் ஐந்து நாள் கொடுத்திருந்தார். பூண்டு, வெங்காயம் இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ரத்தசோகை வரை கொண்டுபோய் விடும், பொடியாக்கிக் கொடுத்தாலும் வேகவைத்துக் கொடுத்தாலும் இதே கதைதான். கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததில் சிதைவுக்கான அடையாளம் எதுவும் இல்லை. தப்பித்தது.

ஆறாவது இசப்கோல். இதை நான் ஒதுக்கமாட்டேன். மலச்சிக்கலுக்கும் பெருங்குடல் சார்ந்த சில வயிற்றுப்போக்குகளுக்கும் பூனைகளில் பயன்படுகிறது. ஆனால் சிறுகுடல் சத்தை உறிஞ்சாமல் விடும்போது நார் சேர்ப்பதில் பெரிய பலன் இல்லை.

பைக்கு வெளியே ஏழாவதாகத் தயிர். "தயிர்ல நல்ல பாக்டீரியா இருக்குதுங்களே?" என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் 2001-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு சொன்ன விளக்கப்படி, போதிய அளவில் கொடுத்தால் உடல்நலத்துக்குப் பயன் தரும் உயிருள்ள நுண்ணுயிரிதான் புரோபயாடிக். வீட்டுத் தயிரில் எந்த வகை, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உறைமோர் யார் வீட்டிலிருந்து வாங்கியது என்பதைப் பொறுத்து மாறும். பால்குடி மறந்த பூனைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறனும் குறைந்துவிடும். தயிரில் அந்தச் சர்க்கரை பாலைவிடக் குறைவு என்பதால் ஒரு கரண்டியைப் பல பூனைகள் தாங்கிக்கொள்ளும். நல்ல உணவாக இருக்கலாம், மருந்து அல்ல.

பரிசோதனைகள்

அப்போதே போட்ட சூடான மலத்தை உப்புநீரில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தோம். ட்ரைட்ரைக்கோமோனஸ் போன்ற நெளியும் ஒட்டுண்ணியைப் பிடிக்க வேண்டுமென்றால் மலம் புதிதாக இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் அது செத்துப்போய்க் கண்ணில் படாது. ஒன்றும் இல்லை. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கான சோதனை, புழு முட்டைகளைத் தேடும் மிதப்புமுறைச் சோதனை இரண்டிலும் எதுவும் சிக்கவில்லை. பூனை லுகேமியா, பூனை எய்ட்ஸ் வைரஸ் சோதனைகளும் அப்படியே. ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், ஆல்புமின் சரி. ஸ்கேனில் சிறுகுடல் சுவர் சற்றே தடித்திருந்தது, கட்டி எதுவும் தென்படவில்லை.

மாறியிருந்தது ஒன்றுதான், வைட்டமின் பி12. பூனைகளில் மில்லிலிட்டருக்கு 290 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று கொள்வது வழக்கம், இதற்கு 180. மனித ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்துகொள்ள முடிந்தது. பி12 உடலில் சேர உதவும் புரதத்தைப் பூனையில் கணையம் மட்டுமே சுரக்கிறது, உறிஞ்சும் வேலை சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நடக்கிறது. ஆகவே பி12 குறைந்தால் கோளாறு கணையத்தில் அல்லது சிறுகுடலில் என்று அர்த்தம். கணையத்துக்கான சோதனை பூனைக்கென்றே தனியாகச் செய்ய வேண்டியது. அது எங்களுக்கு அப்போது எளிதில் கிடைக்கவில்லை. பசி குறைவாக இருந்ததால் கணையக் கோளாறுக்கு வாய்ப்பு குறைவு என்று கணித்து அதைப் பிறகு பார்க்கலாம் என விட்டேன்.

ஒரு விஷயம் இங்கே முக்கியம். பி12 குறைந்த பூனைக்கு வேறு எந்தச் சிகிச்சையும் முழுதாகப் பிடிக்காது. பசி திரும்பாது, குடல் சுவர் புதுப்பிக்காது. செரிமானத்துக்கென்று விற்கும் எத்தனையோ பொடிகளுக்கு நடுவில், இந்தப் பூனைக்கு உண்மையாகத் தேவைப்பட்ட ஒரே துணைச்சத்து பி12தான். அது பையில் இல்லை.

முதல் முடிவு, அதற்கான காரணம்

ஆறையும் நிறுத்தினோம், தயிரையும். எதனால் என்ன நடக்கிறது என்று தெரியாத நிலையில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வீண். டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் நிறுத்திட்டா பூனைக்கு நான் என்னதான் பண்றது டாக்டர்?" என்றார். வயிற்றுப்போக்கு உள்ள பிராணியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். பொடி வியாபாரம் நடப்பதில் பாதி இந்தக் கஷ்டத்தில்தான்.

ஆறு நாள் கழித்து மூன்று விஷயங்களைத் தொடங்கினேன். பி12 ஊசி 250 மைக்ரோகிராம், தோலுக்கடியில், வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம். இரண்டாவது, உணவுச் சோதனை. பூனைகளில் நாள்பட்ட வயிற்றுக் கோளாறுக்கு உணவு ஒவ்வாமை அரிதான காரணம் அல்ல. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்த 55 பூனைகளில் ஏறக்குறைய பாதி, உணவை மாற்றியதிலேயே குணமாயின. அதுவரை தின்றிராத ஒரு புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. குடல் சார்ந்த அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடும். இந்தப் பூனை முயலைத் தின்றதில்லை. கோவைப் பக்கத்தில் வளர்ப்பு முயல்கறி கிடைக்கிறது. கோழியைவிட விலை அதிகம்தான். எலும்பில்லாமல் அவித்து, உப்பு மசாலா எதுவும் இல்லாமல், ஐந்து நாட்களில் மெதுவாகப் பழைய உணவிலிருந்து மாற்றச் சொன்னேன். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்பதையும் சொன்னேன். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. டாரின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் பூனையின் இதயமும் விழித்திரையும் கெடும் என்பதால் சுவையூட்டி சேராத டாரின் பொடியும் எழுதினேன்.

மூன்றாவதுதான் பிழை. பையில் இருந்த ஆறில் புரோபயாடிக் பொடியை மட்டும் மறுபடி தொடங்கச் சொன்னேன்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. புரோபயாடிக் தேர்ந்தெடுக்கும்போது நான் வழக்கமாகப் பார்ப்பவை சில: பாக்டீரியாவின் இனப்பெயர் மட்டும் இல்லாமல் எந்த வகை என்பதற்கான குறியீடும் இருக்கிறதா, எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா காலாவதி நாள் வரைக்குமா, எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும், பூனைகளில் பரிசோதித்ததா. இந்தப் பொடி நான்கிலும் தேறியது. இதே இனத்தின் எஸ்எஃப்68 என்ற வகையை அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு காப்பகத்தில் 217 பூனைகளிடம் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ வயிற்றுப்போக்கு கண்டவை பொடி பெற்ற கூட்டத்தில் 7.4 சதவீதம், பெறாத கூட்டத்தில் 20.7. நல்ல வித்தியாசம். ஆனால் அவை காப்பகத்துக்குப் புதிதாக வந்து பதற்றத்தில் இருந்த பூனைகள், சில நாள் வயிற்றுப்போக்கு. ஐந்து மாதமாக எடை இழந்துகொண்டிருந்த ஒரு பூனைக்கு அந்த எண்களை நான் கடன் வாங்கினேன்.

லேபிளில் பார்க்காமல் விட்டது ஐந்தாவது வரி. பாக்டீரியா தவிர அந்தப் பாக்கெட்டில் வேறு என்ன இருக்கிறது?

மூன்றாவது வாரம்

பலன் அரைகுறை. பசி நன்றாகத் திரும்பியது, எடை 3.8. அது பி12 வேலை. ஆனால் மலம் 6-இலிருந்து 5-க்கு வந்து அங்கேயே நின்றது. வாந்தி நிற்கவில்லை. முழுக்க முயல்கறிக்கு மாறி இரண்டு வாரம் முடிந்திருந்தது.

உணவுச் சோதனை தோற்றது என்று குறிப்பில் எழுதினேன். அடுத்த படி பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. முறைப்படி அதற்கு முன் குடலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். குடல் அழற்சியையும் மெதுவாக வளரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயையும் பிரித்தறிய வேறு நிச்சயமான வழி இல்லை. ஸ்டீராய்டை முதலில் கொடுத்துவிட்டால் பிறகு எடுக்கும் சதை தெளிவாகப் பதில் சொல்லாது. மயக்க மருந்து, செலவு எல்லாம் யோசித்து, சதை எடுக்காமலே தொடங்கலாமா என்று டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஒரு நான்கு நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். சொந்தக்காரர் திருமணத்துக்குச் சென்னை போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் பூனையைப் பார்த்துக்கொண்டாள். முயல்கறியை டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். பொடியை எடுத்து வைக்க மறந்துவிட்டார். அந்த நான்கு நாள் மதிப்பெண்: 5, 4, 3, 3. திரும்பி வந்து பொடியைத் தொடங்கிய மூன்றாம் நாள் மறுபடி 5.

"பொடி கொடுக்காததால நல்லாயிருக்குமோன்னு தோணுச்சுங்க. அப்புறம் கண்ணாடி போட்டுட்டு பாக்கெட்டைப் படிச்சேன். இதுல கோழி ஈரல் சுவைன்னு போட்டிருக்குதுங்களே டாக்டர். நீங்க கோழியே கூடாதுன்னீங்க."

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. பொருள்பட்டியலில் முதலாவதாகவே இருந்தது. பூனை விரும்பித் தின்ன வேண்டும் என்பதற்காகப் பாக்டீரியாவின் மேல் கோழி ஈரலை நொதியால் கரைத்து உலர்த்திய பொடியைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சாதாரணப் பூனைக்கு அது குறையும் இல்லை. பாக்கெட் கிழிக்கும் சத்தத்துக்குப் பூனை ஓடிவந்தது எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது. கோழியை விலக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு தினம் ஒரு பாக்கெட் கோழியை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது முடிவு

நான்கு நாள் மாற்றம் தற்செயலாகவும் இருக்கலாம். பெட்டி படுக்கை மாறாமல், மனிதர் மட்டும் மாறினாலே சில பூனைகளின் வயிறு மாறும். அதனால் ஸ்டீராய்டை ஒத்திவைத்து, பொடியை மட்டும் நிறுத்தினோம். வேறு எதையும் தொடவில்லை.

பத்தாம் நாள் 3. பதினான்காம் நாள் 2. வாந்தி இல்லை. எடை 4 கிலோ.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் குணமாவது வேறு, எதனால் குணமானது என்று தெரிவது வேறு. டீச்சரிடம் திரும்பச் சோதிக்கலாமா என்று கேட்டேன். நல்லா இருக்கிறதை எதுக்குக் கெடுக்கணும் என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். கணக்கு டீச்சர் என்பதால் உடனே ஒத்துக்கொண்டார். விடையைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் அல்லவா?

முதலில் முயல்கறியோடு பொடி. இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 5, ஒரு வாந்தி. நிறுத்தினோம், நிலைமை சீராக ஐந்து நாளானது. ஒரு வாரம் இடைவெளி விட்டு, பொடி இல்லாமல், அவித்த கோழி இரண்டு தேக்கரண்டி. மறுநாளே 5. அதையும் நிறுத்தினோம். பிறகு மத்தி மீன், ஒரு வாரம்: ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு கரண்டி தயிர், ஒரு வாரம்: ஒன்றும் ஆகவில்லை. தயிருக்கு அனுமதி கிடைத்ததில் டீச்சருக்கு இருந்த சந்தோஷம் பூனைக்கு இருந்ததா தெரியவில்லை.

இது ஒரே ஒரு பூனை. என்ன கொடுக்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்தே செய்த சோதனை. அந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் கோழிதான் காரணம் என்று நம்பப் போதுமான ஆதாரம் இருந்தது. பாக்டீரியாவே காரணமாக இருக்கலாமே என்ற சந்தேகம் மட்டும் மீதி இருந்தது. அதற்கு ஓரளவு பதில் பிறகு கிடைத்தது.

தொடர்ந்து நடந்தது

வெறும் இறைச்சியை வைத்துப் பூனையை ஆண்டுக்கணக்கில் வளர்க்க முடியாது. எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. மற்ற தாதுக்களும் வைட்டமின்களும் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். அதனால் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் மருத்துவ உலர் தீவனத்துக்குப் பத்து நாளில் மாற்றினோம். அதிலும் சோயாப் புரதத்தை அடிப்படையாகக் கொண்டதைத் தேர்ந்தெடுத்தோம். இந்த முறை பொருள்பட்டியலை இருவரும் சேர்ந்து, கடைசி வரி வரை படித்தோம். விலை கையைக் கடித்தது. ஆறு பொருட்களுக்கு மாதாமாதம் ஆன செலவை டீச்சர் நோட்டில் கூட்டிக் காட்டினார். பெரிய வித்தியாசம் இல்லை.

பி12 ஆறு வாரம் முடிந்து, ஒரு மாதம் கழித்து ஓர் ஊசி, அதற்கு ஒரு மாதம் கழித்து மறுசோதனை. அளவு இயல்புக்கு வந்திருந்தது. கணையச் சோதனைக்கு அவசியம் இல்லாமல் போனது.

ஐந்தாவது மாதம் ஒரு பல் உடைந்து சீழ் வைத்ததில் பல்லை எடுத்துவிட்டு, அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஆன்டிபயாடிக் பூனைகளின் வயிற்றை அடிக்கடி கலக்கும். இங்கே புரோபயாடிக்கை நானே முன்வந்து எழுதினேன்: சாக்கரோமைசிஸ் பூலார்டி, சுவையூட்டி இல்லாத கேப்சூல். அது ஈஸ்ட், பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. பாக்டீரியா வகைப் பொடி என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வைக்கச் சொல்வேன். மருந்து தின்ற ஏழு நாளும் மதிப்பெண் 2 அல்லது 3. அது ஈஸ்ட்டின் புண்ணியமா, கலங்காத வயிறா, சொல்ல முடியாது. நுண்ணுயிரி எதைக் கொடுத்தாலும் இந்தப் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது என்பது இல்லை என்று மட்டும் தெரிந்தது.

இடையில் ஒருமுறை சறுக்கியது. விடுமுறைக்கு வந்த பேத்தி குழாய்ப் பாக்கெட்டில் வரும் தீனியைக் கொடுத்துவிட்டாள். பாக்கெட்டின் முகப்பில் டூனா படம். பின்பக்கம் கோழியும் இருந்தது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. எந்த மருந்தும் கொடுக்காமல் மூன்றாம் நாள் சரியானது.

மறுபடி இப்படி ஒரு பூனை வந்தால்

முதல் நாளே நோட்டைப் படிப்பேன். நோட்டு இல்லாதவர்களிடம் ஒரு வாரம் எழுதச் சொல்லிவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன். அவசரமாக மெலிந்துகொண்டிருக்கும் பூனைக்கு மட்டும் விதிவிலக்கு. மூன்று விஷயங்களை ஒரே நாளில் தொடங்கியதுதான் எல்லாவற்றையும் குழப்பியது. பி12 குறைவு என்று தெரிந்தபின் அதைத் தாமதிக்க முடியாது, அது சரி. உணவையும் பொடியையும் சேர்த்துத் தொடங்கியிருக்கக் கூடாது.

உணவுச் சோதனை என்றால் வாய்வழி போகும் எல்லாமே உணவு: புரோபயாடிக், மாத்திரையை மறைக்கும் பசை, சுவையூட்டிய குடற்புழு மருந்து, முடிக்கட்டிக்குத் தரும் களிம்பு. இதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

லேபிள் விஷயத்தில் இன்னொன்று. கனடாவில் 25 கால்நடைப் புரோபயாடிக்குகளை வாங்கிச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். எண்ணிக்கையைக் குறிப்பிட்டிருந்த 15-இல் நான்கில்தான் சொன்ன அளவு உயிருள்ள நுண்ணுயிரிகள் இருந்தன. நம் ஊர் மே மாத வெயிலில், கூரியர் வண்டியில் இரண்டு நாள் கிடந்து வரும் பாக்கெட்டில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது தனிக் கேள்வி. ஆகவே இப்போது கோடிக்கணக்குப் போட்டியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வகைக் குறியீடு, காலாவதி நாள் வரை என்ற வாக்குறுதி, வைக்க வேண்டிய வெப்பம், கூடச் சேர்த்த பொருட்கள், இவற்றைப் பார்க்கிறேன். அதற்கு முன், இந்தப் பூனைக்கு இது எதற்கு, எத்தனை நாளில் பார்த்துவிட்டு நிறுத்துவோம் என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்கிறேன். எழுத வரவில்லை என்றால் வாங்குவதில்லை.

எங்கள் பதிவுத்தாளில் "இப்போது கொடுக்கும் மருந்துகள்" என்று இருந்த கட்டத்தை "இப்போது வாயில் போகும் எல்லாம் (பாக்கெட்டோடு கொண்டுவரவும்)" என்று மாற்றினோம். மக்கள் பைபையாகக் கொண்டுவருகிறார்கள். ஒரு பூனைக்கு இருபது நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது.

கடைசியாக வந்தபோது பூனை 4.4 கிலோ. மகன் இன்னொரு பொடி அனுப்பியிருக்கிறாராம். டீச்சர் பாக்கெட்டின் பின்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினார். மீன் சுவை, கோழி இல்லை. தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் எழுதினார்: "அதுக்குத்தாங்க பதில் தெரியலை. அலமாரியில வெச்சிருக்கேன்."